ரத்த சொந்தம்தான் கையெழுத்து போட வேண்டுமா?

கேள்வி: சென்னையில் ஆறு வருடமாக நானும் அவரும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறோம். போன மாதம் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவர் முழு நினைவோடுதான் இருந்தார். ஆனாலும் "ரத்த சொந்தம் யாராவது வரட்டும்" என்று சொல்லி, ஊரிலிருந்து அவர் அண்ணன் வரும்வரை காத்திருக்க வைத்தார்கள். பிறகு ஐசியு வாசலில் அண்ணன் என்னை உள்ளே விடவில்லை. இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்வது?

பதில்: அங்கே உங்கள் கையெழுத்து மட்டுமல்ல, அண்ணனின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. 18 வயது நிரம்பி, நினைவோடு இருப்பவருக்கு அவர் சம்மதம் போதும். சமீரா கோஹ்லி வழக்கில் (2008), மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். உயிர் காக்க வேண்டிய அவசரத்தில், சம்மதம் வாங்க வழியில்லாதபோது, யாருக்கும் காத்திராமல் மருத்துவர் சிகிச்சை தரலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. சொந்தக்காரரைத் தேடுவது பெரும்பாலும் பில் பாக்கிக்கும் பின்னால் வரும் தகராறுக்கும் பயந்து மருத்துவமனைகள் வைத்திருக்கும் வழக்கம்தான்.

ஐசியு பார்வை நேரமும் மருத்துவமனையின் சொந்த விதி. தாலி கட்டிய மனைவிக்குக்கூட அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே உங்கள் பிடிமானம் நோயாளியின் விருப்பம். அது எழுத்தில் இருக்க வேண்டும்.

அட்மிஷன் போடும்போதே அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். "என் அட்டெண்டர் இவர். என் நோய் விவரங்களை இவரிடம் சொல்லலாம், கேஸ் ஷீட் நகலை இவரிடம் தரலாம், ஐசியு பாஸும் இவருக்கே" என்ற அளவில் போதும். யாரிடம் விவரம் சொல்லக் கூடாது என்பதையும் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிக்கொண்டு, மற்றதைக் கேஸ் ஷீட்டிலேயே இணைக்கச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் கொடுத்த காகிதம் ஐசியு நர்ஸ் கைக்குப் போகாது. ஷிஃப்ட் மாறியதும் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவர் அங்கீகரித்த அட்டெண்டரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அந்த அங்கீகாரம் உங்களுக்கு இந்தக் கடிதத்தால்தான் வருகிறது.

அவர் நினைவிழந்தால்? பலரும் பவர் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவர் அதிகாரம் முடிந்துபோகும் என்கிறது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பத்திரம் கைவிட்டுவிடும்.

அதைவிட வலுவானது முன்கூட்டிய மருத்துவ உத்தரவு; அதாவது, மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நினைவோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். பாதுகாவலராக உங்கள் பெயரை எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். ஒரு பிரதி மாநகராட்சியின் உரிய அதிகாரிக்குப் போக வேண்டும். ஆனால் இது மீள வழியில்லாத நிலையில் சிகிச்சையை மறுக்கவோ நிறுத்தவோ மட்டும்தான். சாதாரண ஆபரேஷன் சம்மதத்துக்கு உதவாது. நீண்ட கோமா என்றால், பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். அங்கே குடும்பத்தார் எதிர்த்தால், சேர்ந்து வாழ்ந்ததற்கான வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு எல்லாம் கைகொடுக்கும்.

மனநலச் சிகிச்சையில் நிலைமை எவ்வளவோ மேல். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 14-இன்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, 18 வயது நிரம்பிய, அந்தப் பொறுப்பை ஏற்கத் தகுதியுள்ள யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். நியமிக்கப்படுபவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். உறவினருக்கு முன்னால் அவருக்கே இடம். உறுப்பு தானத்தில் நேர்மாறு: நீங்கள் 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் இல்லை, தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு வழியாகத்தான் போக முடியும்.

அட்மிஷன் படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதிச் சமாளிக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் ஆவணத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் கிளெய்மில் சிக்கல். குடும்பத்தார் வந்தால் முதலில் அந்தப் பொய்யைத்தான் பிடிப்பார்கள். 'உடன் வாழ்பவர், நோயாளி நியமித்த அட்டெண்டர்' என்றே எழுதுங்கள். கூடவே நீட்டப்படும் பணப் பொறுப்பு உறுதிமொழியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அட்டெண்டராக இருப்பதும் பில்லுக்கு ஜாமீன் நிற்பதும் வேறு வேறு.