சொம்பு மட்டும் தெரிந்தால் போதும்

(டெல்டாக் கிராமங்களில் சொந்த முயற்சியில் படமெடுக்கும் இயக்குநர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

உங்கள் பண்ணையார் மீசை முறுக்கவில்லை, சாட்டை எடுக்கவில்லை. அவரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

மீசையும் சாட்டையும் கொடுத்தால், 'நான் இப்படியில்லை' என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள். என் பண்ணையார் நல்லவர். ஆளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருவார். தாகம் என்றால் கொல்லைப்புறம் வரச் சொல்லி, உயரத் தூக்கி ஊற்றுவார். கேமராவை ஏந்திய கைகளின் மட்டத்தில் வைத்தேன். அவர் முகம் தெரியாது, சொம்பு மட்டும் தெரியும்.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் குடிசையில் எரிந்தார்கள். கூலியை உயர்த்திக் கேட்ட கூலிக்காரர்களின் குடும்பங்கள். வசதியான நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று சொல்லி, உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கௌரவமான முகத்துக்கு இந்த மண்ணில் அவ்வளவு மதிப்பு. அதனால்தான் மீசையை எடுத்தேன்.

கதாநாயகன் கடைசி வரை தன் சாதியைச் சொல்லவில்லையே?
- வாசகி, கும்பகோணம்

யார் வாயைத் திறந்து கேட்கிறார்கள்? "தம்பிக்கு எந்தத் தெரு?" என்பார்கள். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்கிறான். "அதில் எந்தப் பக்கம்?" என்கிறார் பெரியவர். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறான். இதற்கு மேல் எதைச் சொல்வது? கொட்டகையில் அந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. யார் எந்தத் தெரு என்று எனக்கே தெரிந்துவிட்டது.

பச்சை வயலே இல்லாத டெல்டாப் படமா?
- வாசகர், பாபநாசம்

ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எங்கும் சேறு, வண்டி இறங்காது. கோடையில் எடுத்ததற்கு வேறு கலை நோக்கம் கிடையாது.

பணத்துக்கு என்ன செய்தீர்கள்?
- வாசகர், நீடாமங்கலம்

கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேஸா' என்ற அமைப்பின் பெயரில் ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' படத்தை எடுத்தார்கள். அந்தத் துணிச்சலில் நானும் துண்டை ஏந்தினேன். நடவு நேரத்தில் போனால் மோர்தான் கிடைக்கும்; அறுவடை முடிந்த கையோடு போக வேண்டும். சிலர் நெல்லாகவே தந்தார்கள், விற்று ஒலிப்பதிவுக்குக் கொடுத்தேன். ஒரு மிராசுதார் இரண்டு மூட்டை போட்டுவிட்டு, "நம் தெருவைக் கொஞ்சம் நல்லபடியாகக் காட்டுங்கள்" என்றார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன். தெருவை உள்ளபடிதான் காட்டியிருக்கிறேன். அது நியாயமா என்று அடுத்த இதழில் யாராவது கேளுங்கள். அதற்குள் பதிலை யோசித்து வைக்கிறேன்.