சல்லடை என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹைட்ரஜனைத் தூய்மைப்படுத்தும் பல்லேடியம் சவ்வுகளில் ஆய்வு செய்கிறேன். நுண்துளைப் பீங்கான் குழாயின் மேல் 5 மைக்ரான் தடிமனுக்குத் தூய பல்லேடியம் பூசினேன். முதல் முறை ஹைட்ரஜன் மிகத் தூய்மையாக வந்தது. நான்கு முறை சூடாக்கிக் குளிர்வித்தபின் நைட்ரஜனும் கலந்து வருகிறது. சல்லடையின் கண்கள் அகன்றுவிட்டன போலும். பீங்கானை மாற்றலாமா? இவ்வளவு விலையுயர்ந்த உலோகத்துக்குப் பதில் பாலிமர் சவ்வு போதாதா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

பாலிமர் போதாது. அது எல்லா வாயுக்களையும் கொஞ்சம் கொஞ்சம் கசியவிடும். எரிபொருள் மின்கல வாகனத்துக்கான ஹைட்ரஜனிலோ கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பீங்கானைப் பிறகு பார்ப்போம். என்னை உறுத்துவது 'சல்லடை' என்ற சொல். இத்துறையில் பணிபுரிபவரே இப்படி எழுதலாமா?

குறையில்லாத பல்லேடியம் படலத்தில் துளையே கிடையாது. ஹைட்ரஜன் மூலக்கூறு அதன் மேற்பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிளந்து, உலோகத்துக்குள் கரைந்து, அணு அடுக்குகளின் இடைவெளிகளில் தாவித் தாவி மறுபுறம் சென்று மீண்டும் இணைகிறது. அதனால்தான் மறுபுறம் வெற்றிடமாக இருக்கையில் இப்புற அழுத்தத்தை நான்கு மடங்காக்கினாலும், தடித்த படலத்தில் பாய்வு இரண்டு மடங்குதான் ஆகிறது. எந்தச் சல்லடையாவது அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்குக் கட்டுப்பட்டு நடக்குமா?

பல்லேடியம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதை 1860களிலேயே வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் அளந்துவிட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு கவனிப்பு: ஹைட்ரஜன் ஏற்றிய பல்லேடியம் கம்பி நீண்டது, ஹைட்ரஜனை வெளியேற்றியதும், முதலில் இருந்த நீளத்தைவிடவும் குறுகிப்போனது. வந்துபோன விருந்தாளி வீட்டின் சுவர்களையே நகர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.

இதைப் படித்திருந்தும் நான் ஒரு தகட்டைப் பாழாக்கினேன். மாணவப் பருவத்தில் ஒரு மாலை, வீடு திரும்பும் அவசரத்தில், ஹைட்ரஜன் உள்ளே இருக்கும்போதே உலையை அணைத்துவிட்டேன். மறுநாள் காலை கண்ணாடிபோல் தட்டையாக இருந்த தகடு சருகுபோல் சுருண்டு கிடந்தது. விளக்குக்கு எதிரே பிடித்தபோது விளிம்பருகே மயிரிழை அளவில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. என் ஆசிரியர் திட்டவில்லை. குறிப்பேட்டை வாங்கி, உலையை அணைத்த நேரத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தார். திட்டியிருந்தால் இத்தனை ஆண்டுகளில் மறந்திருப்பேன்.

காரணம் இதுதான். ஏறத்தாழ 298 டிகிரி செல்சியசுக்குக் கீழே, ஹைட்ரஜன் ஏறிய தூய பல்லேடியம் இரண்டு நிலைகளாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் குறைந்த ஆல்ஃபா நிலையைவிட ஹைட்ரஜன் மிகுந்த பீட்டா நிலையின் பருமன் சுமார் 10 விழுக்காடு அதிகம். ஒரே படலத்தில் ஒரு பகுதி உப்ப, அடுத்த பகுதி உப்பாமல் நிற்க, உலோகம் நெளிகிறது, பிறகு விரிசல் விடுகிறது. உங்கள் படலமோ பீங்கானோடு ஒட்டியிருப்பதால் நெளியவும் வழியில்லை. எடையில் 23 விழுக்காடு வெள்ளி சேர்த்தால் இப்படி இரண்டு நிலைகளாகப் பிரியும் எல்லை அறை வெப்பநிலைக்கு அருகே தள்ளிப்போகிறது, ஹைட்ரஜனும் கூடுதலாகவே பாய்கிறது. இவ்வளவு தெரிந்திருந்தும் தூய பல்லேடியத்தைப் பூசியது ஏனென்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

தூய பல்லேடியம்தான் வேண்டுமென்றால், 300 டிகிரிக்கு வெகு மேலேயே ஹைட்ரஜனை நிறுத்தி, இருபுறமும் நைட்ரஜனையோ ஆர்கானையோ செலுத்தி, உள்ளே கரைந்திருப்பது முழுக்க வெளியேறும்வரை அதே சூட்டில் வைத்திருந்து, பிறகே குளிர்விக்க வேண்டும். சூடாக்கும்போதும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகே ஹைட்ரஜனைத் திறக்க வேண்டும்.

அந்த நான்கு முறையும் எந்த வெப்பநிலையில் ஹைட்ரஜனை நிறுத்தினீர்கள்? குறிப்பேட்டில் இருந்தால் அந்தப் பக்கங்களை அனுப்புங்கள். அதுவரை பீங்கானைக் கழற்ற வேண்டாம்.

அன்புடன்.