அரகலயக்குப் பிறகு பொலிஸ் மாறிரிக்கா? மட்டக்களப்பில இரிந்து ஒரு பதில்

கேள்வி: 2022 மக்கள் போராட்டத்துக்குப் (அரகலய) பிறகு இலங்கையில பொலிஸ் சீர்திருத்தம் உண்மையா நடந்திரிக்கா, இல்ல பேச்சோட நிண்டுட்டா?

மேல மாறிரிக்கு. எங்கட பக்கத்து ஸ்டேசன் மேசைக்கு இன்னும் வந்து சேரல.

மேல நடந்தது சின்ன விசயம் இல்ல. 2022 மே 9ல காலிமுகத்திடல்ல போராட்டக்காரர அடிக்க ஆக்கள் வந்த நேரம் மேல் மாகாணத்துக்குப் பொறுப்பான சீனியர் டிஐஜி (மூத்த பிரதிப் பொலிஸ் மா அதிபர்) தேசபந்து தென்னக்கோன்தான். 2023 டிசம்பர்ல ஒரு சித்திரவதை வழக்குல அவர் அடிப்படை உரிமைய மீறினவர் எண்டு உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிச்சு. அப்பிடியிரிந்தும் 2024 பெப்ரவரில அவரையே நிரந்தர ஐஜிபி, அதாவது பொலிஸ் மா அதிபர் ஆக்கினாங்க, அத நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது. மறுகா ஜூலைல உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, 2025 ஆகஸ்ட் 5ல பாராளுமன்றத்துல 177 பேர் வாக்குப் போட்டு அவரப் பதவியில இரிந்து எடுத்தாங்க. ஒரு ஐஜிபிய இப்பிடி எடுத்தது நாட்டுல அதுதான் முதல் தடவ. அதுக்கான சட்டம் 2002லயே இரிந்தது, சனம் ரோட்டுக்கு வந்த பிறகுதான் அதத் தூக்கிப் பாவிக்கிற துணிவு வந்திச்சு எண்டுதான் நான் நினைக்கிறன்.

பொலிஸ மேற்பார்வை பாக்கிற பொலிஸ் ஆணைக்குழுவும் அப்பிடித்தான். 2001ல அரசியலமைப்பு 17ம் திருத்தத்தோட வந்தது, 18ம் திருத்தத்துல பலத்த எடுத்தாங்க, 19ம் திருத்தத்துல குடுத்தாங்க, 20ம் திருத்தத்துல திரும்ப எடுத்தாங்க, 2022 ஒக்டோபர்ல 21ம் திருத்தத்தோட திரும்பக் குடுத்தாங்க. ஆனா அந்த ஆணைக்குழுவுக்கு ஒரு பொலிஸ்காரர் மேல முறைப்பாடு போட்டா, அதிகமா அத விசாரிக்கிறது இன்னொரு பொலிஸ் அதிகாரிதான். அதே டிவிசன்ல வேல செய்யிற ஆள், தன்னோட சேர்ந்து டியூட்டி பாக்கிறவர எப்பிடி நேர்மையா விசாரிப்பாரு சொல்லுங்க?

கிழக்குல இரிக்கிற நமக்கு இது 2022ல தொடங்கின கதை இல்ல. 2018 நவம்பர்ல மட்டக்களப்பு வவுணதீவு சோதனைச் சாவடியில ரெண்டு பொலிஸ்காரரக் கொலை செய்தாங்க. உடன முன்னாள் புலி ஒருத்தரப் பிடிச்சு மாசக்கணக்கா உள்ள வச்சாங்க, அடுத்த ஏப்ரல்ல ஈஸ்டர் குண்டு வெடிச்சு, சீயோன் தேவாலயத்துல சின்னப் பிள்ளைகளும் செத்த பிறகுதான், வவுணதீவுல செய்ததும் அந்தக் குண்டுகள வச்ச குழுத் தலைவர் சஹ்ரான்ட ஆக்கள் எண்டு வெளிய வந்திச்சு. சரியான ஆளத் தேடாம சுகமா மாட்டுற ஆளப் பிடிச்சா என்ன நடக்கும் எண்டதுக்கு இதுக்கு மேல என்ன வேணும். அந்தக் கைதுக்குக் கை குடுத்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல தற்காலிகமா வந்தது, எடுப்பம் எண்டு சொல்லி வாக்குக் கேட்ட தேசிய மக்கள் சக்தி 2024ல ஆட்சிக்கு வந்து ஒரு வருசம் தாண்டியும் எடுக்கல.

இன்னொண்டு மொழிப் பிரச்சின. காணிப் பிரச்சின ஒண்டுக்கு எங்கட மாமாவோட நான் ஸ்டேசனுக்குப் போனன், அவர் தமிழ்ல சொன்னாரு, எழுதினது சிங்களத்துல, வாசிச்சுக் காட்டாமலே கையெழுத்துப் போடச் சொன்னாங்க. தமிழும் அரசகரும மொழிதான், தமிழ்ல முறைப்பாடு குடுக்கிற உரிமை நமக்கு இரிக்கு. பயந்துபோன ஒரு மனிசிக்கு அந்த மேசைக்கு முன்னால இத ஆர் சொல்லுவா?

உங்களுக்கோ உங்கட ஆக்களுக்கோ பொலிஸால அநியாயம் நடந்தா ஒரு மாசத்த மட்டும் விட்டுராதங்க. அடிப்படை உரிமை வழக்கு ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துல போடணும், அது கொழும்புல மட்டும்தான் இரிக்கு. பஸ்சுக்கும் லோயருக்கும் காசு தேடவே அந்த மாசம் போயிரும். அதால முதல்ல மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போங்க, மட்டக்களப்புலயும் கல்முனையிலயும் ஒபிஸ் இரிக்கு. அந்த மாசத்துக்குள்ள அங்க முறைப்பாடு குடுத்தா, அவங்கட விசாரணை முடியிறவரைக்கும் உள்ள நாள் அந்தக் கணக்குல சேராது எண்டு 1996ம் ஆண்டுச் சட்டத்துல இரிக்கு. அடிச்சிரிந்தா உடன ஆஸ்பத்திரிக்குப் போய், பொலிஸ் அடிச்சது எண்டு டொக்டரிட்டச் சொல்லி எழுதவைங்க. சித்திரவதைக்கு 1994ம் ஆண்டுச் சட்டத்துல ஆகக் குறைஞ்சது 7 வருசம் சிறை, அந்த வழக்கு நிக்கிறதும் விழுறதும் அந்த மெடிக்கல் ரிப்போட்டுலதான்.

நான் அரசாங்கத்திட்டக் கேக்கிறது ரெண்டு. பொலிஸ விசாரிக்க பொலிஸ் இல்லாத ஆக்கள் வேணும், அவங்களுக்கு மட்டக்களப்புலயும் அம்பாறையிலயும் தமிழ்ல பேசுற ஒபிஸ் வேணும்.