வாசகர் கேள்வி பதில்: ஒட்டப்பிடாரத்து வக்கீல்

கேள்வி: எங்கள் தாத்தா சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; ஒட்டப்பிடாரம் பக்கத்து ஊர்க்காரர். வ.உ.சிதம்பரம் பிள்ளையை அவர் ‘வக்கீலய்யா’ என்றுதான் சொல்வார். கப்பல் விடுவதற்கு முன்பு அவர் எப்படிப்பட்ட வக்கீலாக இருந்தார்? (ஈசூன் வாசகி ஒருவர்)

பதில்: உங்கள் தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வ.உ.சி. என்றதும் கப்பலும் சிறைச்செக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. வக்கீல் தொழிலை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

அவருடைய தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். 1872இல் பிறந்த மகன், வக்கீலாவதற்கான பிளீடர் தேர்வில் தேறி, சொந்த ஊரான ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார். குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக, பல நேரங்களில் கட்டணம் வாங்காமலே வாதாடினார். காவல்துறை தொடுத்த வழக்குகள் அவரது குறுக்கு விசாரணையில் உடைந்துபோனதால், அதிகாரிகளின் பகை வளர்ந்தது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூரில், காலையில் யாரை எதிர்த்து வாதாடினோமோ அவரையே மாலையில் தெருவில் எதிர்கொள்ள வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் துணிவின் அளவு விளங்கும். பகை முற்றியதைக் கண்ட தந்தை, 1900இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்.

அங்கும் அவர் அடங்கிவிடவில்லை. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்னும் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அவர்களுக்குக் கிடைத்தன. அதே ஆண்டில் ராஜதுரோக வழக்கில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் விடுதலையானபோது, வக்கீல் தொழில் செய்யும் உரிமை அவரிடம் இல்லை. பல ஆண்டுகள் வறுமையில் கழிந்த பிறகே, வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல், ஆங்கிலேய அரசால் அத்தனை இழந்தவர், தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பின்னர் கோவில்பட்டியில் மீண்டும் வக்கீலாகத் தொழில் நடத்தினார். 1936இல் தூத்துக்குடியில் காலமானார்.

கேள்வி: பணமில்லாதவருக்காக வாதாடுபவர்கள் இங்கே சிங்கப்பூரில் இருக்கிறார்களா? (உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர்)

பதில்: இருக்கிறார்கள். குறைந்த வருமானமுள்ளோரின் குடும்ப, உரிமையியல் வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி அலுவலகம் 1958 முதல் இயங்குகிறது. குற்ற வழக்குகளுக்கு வழக்கறிஞர் சங்கத்தின் உதவித் திட்டம் 1985இலேயே வந்துவிட்டது. 2022 முதல் அரசே தற்காப்பு வழக்கறிஞர்களை அமர்த்தியிருக்கிறது.

இலவச சட்ட ஆலோசனைக் கூடம் ஒன்றில் சில மாலைகள் மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறேன். சம்பள பாக்கிக்காக வந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர், மழையில் நனையாதபடி இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய வேலைநேர அட்டைகளை மேசைமேல் வைத்தார். நாள் முழுதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்திருந்த ஓர் இளம் வக்கீல், ஒருவருக்கு 20 நிமிடம் என்ற கணக்கை மறந்து, அட்டையையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்ட ஒவ்வொரு மணிநேரத்தையும் பென்சிலால் வட்டமிட்டார். கடைசி அட்டைவரை பார்த்து முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.