கல்யாண வீடியோவிலிருந்து இயற்கைப் படத்துக்கு மாற முடியுமா?
பல வேலைகள் பார்த்துவிட்டு இப்போது காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறேன், இயற்கைப் படமும் எழுத்தும் கைகூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. கையிலிருக்கும் தொழிலை விட வேண்டாம். முகூர்த்தமில்லாத மார்கழிதான் இங்கே பறவைக் காலமும்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் தொடங்குங்கள். வனத்துறை அனுமதி முதலில். பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத பக்கத்து ஊர் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களிடம் பேசினாலே பாதிக் கட்டுரை கிடைத்துவிடும்.

400 மி.மீ. லென்ஸ், கனமான முக்காலி வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடி. சிறகடிப்பை மெதுவாகக் காட்ட 100 ஃபிரேம், 1/200. வெயில் ஏறினால் கானலில் தொலைவுக் காட்சி நெளியும், எவ்வளவு விலையுள்ள லென்ஸும் காப்பாற்றாது. காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். மைக்குக்கு ரோம உறை இல்லையென்றால் காற்றிரைச்சல்தான் மிஞ்சும். கூட்டை நெருங்காதீர்கள்: தாய் எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும், காகமும் கொத்தும்.

எழுத்துக்கு, தேதி, நேரம், பறவையின் இனம், அது செய்தது நான்கையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.