பிரியாணிக் கூப்பனும் கன்னியாஸ்திரிகளின் கையெழுத்தும்

அன்புள்ள சார்,

வணக்கம். அமெரிக்காவில் மதச்சுதந்திரம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: ‘கருத்தடைக்கு இன்சூரன்ஸ் தரமாட்டோம் என்று வழக்குப் போட்ட கன்னியாஸ்திரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது.’ அந்த வரி இரண்டு நாளாக என்னைக் குடைகிறது.

நான் டெக்சாஸில் ஒரு மத நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் கிறிஸ்தவர் இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு பையன். எனக்குப் பிசிஓடி. நீர்க்கட்டிக்காக டாக்டர் எழுதிக் கொடுப்பது கருத்தடை மாத்திரைதான். மருந்துக்கடையில் கவுன்ட்டரில் இருந்த பெண் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, “உங்கள் பிளானில் இது கிடையாது” என்று சத்தமாகவே சொன்னாள். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஹெச்.ஆரில் கேட்டதற்கு, குழந்தை வேண்டாம் என்பதற்காக இல்லை, நோய்க்காகத்தான் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் வாங்கி, நின்றபடியே படித்து, தலையாட்டிவிட்டு ஃபைலில் வைத்தான். எனக்கு மாதவிடாய் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பது வரை அதில் இருந்தது.

யாரோ ஒருவருடைய கடவுள் நம்பிக்கைக்கு நான் ஏன் கடிதம் கொடுக்க வேண்டும்? இதில் அவர்கள் பக்கம் என்ன நியாயத்தைக் கண்டீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வரியை அந்தரத்தில் தொங்கவிட்டது என் தப்புதான். ‘பக்கமும்’ என்று ஒரு உம்மையைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எவ்வளவு நியாயம், யாருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு குழப்பம் வரும். மாத்திரைக்கும் முதலாளிக்கும் என்ன சம்பந்தம்? இங்கே அரசு ஆஸ்பத்திரியில் காப்பர் டி இலவசம். போட்டுவிடுகிற நர்ஸ், உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று விசாரிப்பதில்லை. அமெரிக்காவில் வைத்தியச் செலவு வேலையோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், விலைவாசி ஏறாமல் இருக்கச் சம்பளத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய கம்பெனிகள், சம்பளத்தைத்தானே கூட்டக்கூடாது என்று இன்சூரன்ஸைக் கொடுத்து ஆட்களை இழுத்தன. பிறகு அதற்கு வரிச்சலுகையும் சேர்ந்தது. போர் முடிந்தது, முடிச்சு அவிழவில்லை. உங்கள் மாத்திரைக்கு நடுவில் முதலாளி வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

2010-ல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் வந்தது. நோய் வருமுன் காக்கும் சேவைகளுக்கு நோயாளியிடம் தனியாகக் காசு வாங்கக்கூடாது என்பது அதில் ஒரு விதி. பெண்களுக்கான சேவைகளில் கருத்தடையும் அடக்கம் என்று 2011-ல் முடிவானது. தேவாலயங்களுக்கு மட்டும் முதலிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சண்டை வந்தது அதற்கு அடுத்த வட்டத்தில்: மத அமைப்புகள் நடத்தும் ஆஸ்பத்திரி, கல்லூரி, முதியோர் இல்லம். அங்கே வேலை செய்பவர்களில் உங்களைப் போன்றவர்களும் நிறையப் பேர்.

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. ஒரு கம்பெனி முதலாளி சுத்த சைவம். கம்பெனி கேன்டீனில் முட்டைகூடக் கிடையாது. அது அவர் அடுப்பு, அவர் பாத்திரம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதாமாதம் சம்பளத்தோடு சாப்பாட்டுக் கூப்பனும் கொடுக்கிறார். அந்தக் கூப்பனை எதிரே இருக்கிற பிரியாணிக் கடையில் நீட்டினால், ‘என் காசில் ஆடு வெட்டுகிறாய்’ என்கிறார். அது யார் காசு? நான் எட்டு மணி நேரம் உட்கார்ந்து சம்பாதித்த கூலியில் ஒரு பங்குதானே அந்தக் கூப்பன்? கூலியைக் கையில் கொடுத்தபின் அதை நான் எங்கே செலவழிக்கிறேன் என்பதில் அவர் மனசாட்சிக்கு என்ன வேலை?

ஒபாமா அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. சரி, உங்கள் காசு ஒரு பைசா வேண்டாம். எங்களுக்கு இதில் மத ரீதியான ஆட்சேபம் இருக்கிறது என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி தன் செலவில் அந்தப் பெண்களுக்கு நேராகக் கொடுத்துவிடும். அதாவது பிரியாணிக்குக் கூப்பன் கம்பெனியே பணம் கட்டிக்கொள்ளும். முதலாளி ‘நான் சைவம்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

இங்கேதான் கன்னியாஸ்திரிகள் வருகிறார்கள். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை. 1839-ல் பிரான்ஸில் ஜான் ஜூகான் என்ற பெண், கண் தெரியாத ஒரு கிழவியை வீட்டுக்குத் தூக்கி வந்து தன் கட்டிலை அவருக்குக் கொடுத்தார். அப்படி ஆரம்பித்தது. கூடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு வாங்கித்தான் முதியவர்களுக்குச் சோறு போட்டார்கள். சென்னையிலும் அவர்களுக்கு ஓர் இல்லம் உண்டு. அமெரிக்காவில் டென்வர் நகரில் இருந்த இல்லம் கோர்ட்டுக்குப் போனது. நாங்கள் கையெழுத்துப் போட்டவுடன்தான் மாத்திரை அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்கிறது, அப்படியானால் அந்தக் கையெழுத்தே அனுமதிச் சீட்டுதான் என்பது அவர்கள் வாதம்.

கேட்டவுடன் சிரிப்பு வரும். ‘நான் செய்யமாட்டேன்’ என்று எழுதிக் கொடுப்பது எப்படிப் பாவமாகும்? இதில் இன்னொரு வேடிக்கை, அவர்களுடைய இன்சூரன்ஸ் ஏற்பாடு சட்டத்தில் ‘சர்ச் பிளான்’ என்ற தனி வகை. அதை நிர்வகிப்பவர்களை மாத்திரை கொடு என்று வற்புறுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை என்று அரசு வக்கீல்களே ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டிருந்தாலும் அநேகமாக ஒன்றும் நடந்திருக்காது. அப்படியும் போடமாட்டோம் என்றார்கள். என்னை அசைத்தது அந்த இடம்தான். லாபத்துக்காக நடிப்பவர், எதையும் மாற்றாத ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். 2013 டிசம்பர் 31, மறுப்பவர்களுக்கு அபராதம் தொடங்க இருந்ததற்கு முந்தின ராத்திரி, உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் அவர்களுக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். அதே ராத்திரி நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் புத்தாண்டுப் பந்தை இறக்கிவைத்ததும் அவர்தான். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஆக, நான் சொன்ன நியாயம் இவ்வளவுதான்: அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்கள் கையெழுத்துக்குத் தாங்களே பொறுப்பு என்று நினைத்தார்கள். அதற்காக அவர்களை அபராதத்தால் அடிக்காமல் வேறு வழி தேடுவது அரசின் வேலை. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட அந்த வரியில் இருக்கக்கூடாது. எழுதும்போது இருந்துவிட்டது.

ஏனென்றால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்த கூட்டம் வேறு. ஹாபி லாபி என்பது கைவினைப் பொருட்கள், படச்சட்டம், நூல்கண்டு விற்கும் கடைச் சங்கிலி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள், சுமார் 13,000 ஊழியர்கள். நடத்தும் குடும்பம் தீவிரக் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார்கள். அமெரிக்காவில் ஞாயிறு வியாபாரத்தை விடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்; பக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இருபது வகைக் கருத்தடையில் பதினாறு அவர்களுக்குச் சம்மதம். இரண்டு அவசர மாத்திரைகளும் இரண்டு வகைக் கருப்பைச் சாதனங்களும் மட்டும் கருவையே கலைக்கும் என்று நம்பினார்கள்; அவற்றுக்கு இன்சூரன்ஸ் தரமாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த அவசர மாத்திரைகளில் ஒன்றான ‘பிளான் பி’, கரு கருப்பையில் ஒட்டுவதைத் தடுப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் அதன் லேபிளையே மாற்றி எழுதியது. ஆனால் கோர்ட்டில் நம்பிக்கை உண்மையா என்பது கேள்வியில்லை. உண்மையாக நம்புகிறார்களா என்பதுதான்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 1993-ம் வருஷத்து மதச்சுதந்திர மீட்புச் சட்டம். அது யாருக்காக வந்தது தெரியுமா? ஆரிகன் மாநிலத்தில், பூர்வகுடி அமெரிக்கர்களின் தேவாலயச் சடங்கில் பெயோட்டே என்ற கள்ளியை உட்கொண்டதற்காக இரண்டு பேருக்கு வேலை போனது. வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. நாடே கொதித்து, செனட்டில் 97-க்கு 3 என்று நிறைவேற்றிய சட்டம் அது. வேலை போன எளியவனுக்காகத் தைத்த சட்டையை, ஆள் வைத்து வேலை வாங்குகிற பெரிய கடை போட்டுக்கொண்டது.

இத்தனைக்கும் பழைய தீர்ப்பு ஒன்று கண்ணுக்கு எதிரே இருந்தது. 1982-ல் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு தச்சர், தன்னிடம் வேலை செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரி கட்டமாட்டேன், எங்கள் ஆட்களை நாங்களே பார்த்துக்கொள்வோம், அது எங்கள் மதம் என்றார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு சொன்னார்கள்: வியாபாரம் என்று இறங்கிவிட்டால் உன் விரதத்தை அடுத்தவன் தலையில் கட்டமுடியாது. (விரதம் என்பது என் வார்த்தை. சாராம்சம் அதுதான்.)

2014 ஜூன் 30. ஐந்துக்கு நாலு என்று ஹாபி லாபி ஜெயித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ ஒரு சமாதானம் சொன்னார். கன்னியாஸ்திரிகளுக்குச் சொன்ன அதே படிவ ஏற்பாட்டை இவர்களுக்கும் நீட்டலாமே, அப்படிச் செய்தால் ஊழியப் பெண்களுக்கு வரும் பாதிப்பு துல்லியமாகப் பூஜ்யம் என்றார். பெண்களுக்கும் நஷ்டமில்லை, முதலாளிக்கும் பாவமில்லை. நானும் அன்றைக்கு அதை நம்பினேன்.

மூன்றே நாளில், ஜூலை 3 அன்று, வீட்டன் என்ற கிறிஸ்தவக் கல்லூரி அந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. நீதிமன்றத்தில் இருந்த மூன்று பெண் நீதிபதிகளும் அதை எதிர்த்தார்கள். திங்கட்கிழமை எதைக் காட்டிச் சமாதானம் சொன்னார்களோ அதையே வியாழக்கிழமை கை நழுவ விடுகிறார்களே என்பதுதான் அவர்கள் கோபம். 2016-ல் நீதிபதி ஒருவர் இறந்து எட்டுப் பேர் மட்டும் இருந்த சமயத்தில், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னியாஸ்திரிகள் தரப்பையும் அரசையும் திருப்பி அனுப்பினார்கள். ட்ரம்ப் அரசு 2017-ல் புது விதி கொண்டுவந்து 2018-ல் உறுதி செய்தது: ஆட்சேபம் உள்ள முதலாளிக்கு முழு விலக்கு, படிவம் இஷ்டப்பட்டால் போடலாம். முதலாளி இஷ்டப்படாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று, இப்படி விதி போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. அரசு தானே போட்ட கணக்குப்படி இன்சூரன்ஸை இழக்கக்கூடிய பெண்கள் 70,500-லிருந்து 1,26,400 வரை. ஆறு வருஷத்தில் பூஜ்யம் அந்த அளவுக்கு வளர்ந்தது. வாதத்தின்போது ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தொலைபேசி வழியாகக் கேள்வி கேட்ட நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், அந்த எண்ணைத் தன் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார்.

இனி உங்கள் விஷயம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது 2012-ல் சான்ட்ரா ஃப்ளூக் என்ற சட்டக்கல்லூரி மாணவி கொடுத்த சாட்சியம். அவர் படித்தது கத்தோலிக்கர்கள் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில். அவருடைய தோழிக்கு உங்களுக்கு இருக்கிற அதே நீர்க்கட்டிப் பிரச்சினை. நோய்க்காக என்றால் இன்சூரன்ஸ் உண்டு என்றுதான் விதி. ஆனால் நீ கர்ப்பத்தைத் தடுக்கத்தான் கேட்கிறாய் என்று திரும்பத் திரும்ப மறுத்தார்கள். மாதம் நூறு டாலருக்கு மேல் கைக்காசு போட்டு வாங்கியவள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். ஒருநாள் நடுராத்திரி வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டென்னிஸ் பந்து அளவுக்குக் கட்டி. கருமுட்டைப் பையையே எடுக்க வேண்டி வந்தது. இதைச் சொன்னதற்காக ஃப்ளூக்கை ஒரு வானொலிக்காரர் என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்பதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது.

இதில் எனக்குத் தாங்காதது என்ன தெரியுமா? கத்தோலிக்கத் திருச்சபை கருத்தடையைத் தடுப்பது 1968-ல் போப் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலின்படி. அதே மடலின் 15-ம் பத்தி, உடல் நோயைக் குணமாக்கத் தேவையான மருந்து கருத்தரிப்பைத் தடுத்தாலும் குற்றமில்லை என்கிறது. உங்கள் நிறுவனம் கத்தோலிக்கம்தானா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால், அவர்கள் வேதப்படியே உங்கள் மாத்திரையில் பாவமில்லை. எந்தப் போப்பும் உங்கள் மாதவிடாய்க் கணக்கை ஹெச்.ஆர். பையனிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. மனசாட்சி அங்கே வெறும் ஆபீஸ் நடைமுறையாகிவிட்டது.

குழந்தை வேண்டாம் என்பதற்காகவே நீங்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் என் பதில் இதுதான். நோய் என்றால் அனுதாபம், இல்லையென்றால் முகச்சுளிப்பு என்று நான் பிரிக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம், உபயோகப்படலாம். இந்த மாதிரி மருத்துவக் காரணக் கடிதங்களை வழக்கமாக டாக்டர் ஆபீஸிலிருந்து நேராக இன்சூரன்ஸ் நிர்வாகிக்கே அனுப்புவார்கள். ஹெச்.ஆர். மேஜையைத் தொடவேண்டிய அவசியமில்லை. அடுத்த தடவை டாக்டர் ஆபீஸில் அப்படியே கேளுங்கள். அந்த ஃபைலில் இருக்கிற பழைய கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ஈமெயிலில். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.