கேள்வி மேடை: தேர்தல் நடத்துபவரை யார் நீக்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் நம் தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் மைத்துனரோ, "எங்களுக்குத் தனி ஆணையமே உண்டு" என்று பெருமைப்படுகிறார். சட்டப்படி என்ன வேறுபாடு?
- வாசகர், ஈசூன்

பதில்: மைத்துனர் சொல்வது பாதி சரி. பெயர்ப்பலகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தலைவரை யார் நியமிக்கிறார், யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற இரண்டு விதிகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

இந்திய அரசமைப்பின் 324வது பிரிவில் நீக்கும் விதி கெட்டியானது. தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதுபோலத்தான் நீக்க முடியும்: இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். மற்ற ஆணையர்களுக்கு இந்த அரண் அரசமைப்பில் இல்லை. தலைமை ஆணையரின் பரிந்துரை இருந்தால் நீக்கலாம் என்றுதான் இருக்கிறது. நியமன விதிதான் ஓட்டை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தனிச் சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்வு செய்யட்டும் என்றது. அதே டிசம்பரில் வந்த சட்டம், தலைமை நீதிபதியின் நாற்காலியில் பிரதமர் குறிப்பிடும் ஓர் அமைச்சரை உட்கார வைத்தது. மூன்றில் இரண்டு குரல் அரசாங்கத்துடையது. மைத்துனரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால், மலேசிய ஆணைய உறுப்பினர்களையும் நீதிபதிபோலத்தான் நீக்க முடியும். ஆனால் அவர்கள் வரையும் தொகுதி எல்லைகளைப் பிரதமர் மாற்றங்களுடனும் நாடாளுமன்றத்தில் வைக்கலாம்.

சிங்கப்பூரில் இந்த அரண்கள் இல்லை. தேர்தல் அதிகாரியை அமைச்சர் நியமிக்கிறார். தொகுதி எல்லைகளை மறுஆய்வு செய்யும் குழுவுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பிரதமர் ஒவ்வொரு முறையும் அரசு அதிகாரிகளைக் கொண்டு அமைக்கிறார். அந்தக் குழுவின் அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் இடையே இத்தனை நாள் வேண்டும் என்ற விதியும் இல்லை. 2025இல் மார்ச் 11இல் அறிக்கை வெளிவந்தது, மே 3இல் வாக்களிப்பு: 53 நாள். ஆண்டுக்கணக்கில் ஒரு பேட்டையில் வீடு வீடாக ஏறி இறங்கிய கட்சி, அந்தத் தொகுதியே வரைபடத்தில் இல்லாததைக் கண்டால் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். வாக்குச்சாவடியில் நிலைமை வேறு. காலியான பெட்டியை முகவர்களுக்குக் காட்டிய பிறகே மூடி முத்திரையிடுவார்கள். முகவர்கள் தங்கள் முத்திரையையும் ஒட்டலாம். என் கணிப்பில், இங்கே சட்டத்தின் பலவீனம் எண்ணும் மேசையில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது.

கேள்வி: வாக்குச்சீட்டில் வரிசை எண் எதற்கு? யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடாதா?
- வாசகர், தோ பாயோ

பதில்: கள்ளச்சீட்டைத் தடுக்கத்தான். எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்ட பெட்டிகளில் உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் வைத்து, பிறகு அழித்துவிடுகிறார்கள். அதற்குள் திறந்து பார்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். 1948 முதல் அப்படி ஓர் உத்தரவு பிறந்ததே இல்லை என்கிறது தேர்தல் துறை.